ஈஸிசேரில் ஆரம்பித்த கதை: விமானப் பயணமும் காலில் உறையும் ரத்தமும்

இன்றைய எபிசோட் விமானப் பயணத்தைப் பற்றியது. ஆனா விமானம் வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதுக்கு முன்னாடி ஒரு நாற்காலி வருது.

லண்டன், 1940 செப்டம்பர். ஜெர்மனி குண்டு போட ஆரம்பித்துவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு மாதம், அநேகமாக ஒவ்வொரு ராத்திரியும். சைரன் ஊதினதும் ஜனங்கள் கட்டடங்களின் அடித்தளத்துக்கும் பதுங்கு குழிகளுக்கும் சுரங்க ரயில் நிலையங்களுக்கும் ஓடுவார்கள். விடியும்வரை அங்கேயேதான். படுக்க இடம் கிடையாது. அதனால் வீட்டிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, அதிலேயே ராத்திரி முழுக்க உட்கார்ந்து தூங்கினார்கள். மரச்சட்டம், நடுவில் கான்வாஸ் துணி. நம்ம தாத்தாக்கள் திண்ணையில் போட்டு உட்காருவாங்களே, அந்த ஈஸிசேரோட ஒண்ணுவிட்ட தம்பி.

கெய்த் சிம்ப்சன் என்று ஒரு தடயவியல் மருத்துவர். லண்டனில் கைஸ் மருத்துவமனை. பின்னாளில் பெரிய பெரிய கொலை வழக்குகளில் சாட்சி சொல்லிப் பேர் வாங்கியவர். ஆசிட் தொட்டியில் உடல்களைக் கரைத்த ஹெய் வழக்கைக் க்ரைம் பாட்காஸ்ட் கேட்கிறவங்க கேள்விப்பட்டிருப்பீங்க, அதில் வருகிறவர் இவர்தான். அந்த 1940 இலையுதிர் காலத்தில் அவருடைய மேஜைக்கு வந்த சில உடல்கள் அவரை யோசிக்க வைத்தன. குண்டுக் காயம் இல்லை. இடிபாட்டில் சிக்கவில்லை. ராத்திரி பதுங்குமிடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், காலையில் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் அல்லது கொஞ்ச நேரத்திலேயே சுருண்டு விழுந்து இறந்திருக்கிறார்கள். உடலைத் திறந்து பார்த்தால் நுரையீரலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய் அடைத்துக் கிடக்கிறது. அடைத்தது உறைந்த ரத்தம். அது வந்த இடம், கால்.

முந்தைய வருஷத்தின் அதே காலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார் சிம்ப்சன். இந்த வகைச் சாவு ஆறு மடங்கு கூடியிருந்தது. 1940 டிசம்பரில் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். அவர் கைகாட்டியது அந்த நாற்காலியை. அதன் முன்பக்கக் கட்டை தொடைக்கு அடியில் அழுத்துகிறது, கால் தொங்குகிறது, மணிக்கணக்கில் அசைவே இல்லை. ஜனங்கள் படுத்துத் தூங்க வழி செய்யணும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அந்தக் குளிர்காலத்தில் பதுங்குமிடங்களில் அடுக்குக் கட்டில்கள் வர ஆரம்பித்தன.

குண்டுக்குப் பயந்து ஒளிந்தவர்களை நாற்காலி கொன்றிருக்கிறது. இந்த வரியை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, ஏன்னா அடுத்த அறுபது வருஷம் உலகம் இதை மறந்துட்டு வேற யார் யாரையோ குற்றவாளியாக்கப் போகுது.

கால்ல அப்படி என்னதான் நடக்குது? முதலில் ஒரு வார்த்தைச் சிக்கலைத் தீர்த்துடலாம். நம்ம வீட்டில் ‘ரத்தக்கட்டு’ன்னு சொன்னா, விழுந்து அடிபட்டு நீலமா நிக்கிறது. பாட்டி மஞ்சளும் உப்பும் பத்துப் போடுவாங்க. அது வேற. இங்கே நான் சொல்வது ரத்தக் குழாய்க்கு உள்ளேயே ரத்தம் கட்டியாக உறைவது. ஆழமான சிரையில் உறைந்தால் டாக்டர்கள் டீப் வெயின் த்ராம்போசிஸ் என்பார்கள், சுருக்கமா டி.வி.டி. தமிழ்ல எழுதினா படம் பார்க்கிற டிவிடியும் இதுவும் ஒண்ணுதான், என்ன பண்றது.

இதயம் ரத்தத்தைக் காலுக்குத் தள்ளிவிடுகிறது. கீழே போவது சுலபம். திரும்பி மேலே வர வேண்டுமே? அதற்குத் தனியாக ஒரு மோட்டார் இருக்கிறது: கெண்டைக்கால் சதை. நீங்க நடக்கும்போது அது சுருங்கி, உள்ளே போகும் சிரைகளைப் பிழிகிறது. சிரைக்குள் ஒருவழிக் கதவு மாதிரி வால்வுகள் இருக்கின்றன, பிழிந்த ரத்தம் மேலேதான் போக முடியும், கீழே இறங்காது. நடை நின்றால் மோட்டார் நின்றது. ஓடாத ரத்தம் தேங்கும். தேங்கிய ரத்தம், ஆளைப் பொறுத்து, உறையவும் செய்யும். உறைந்த கட்டி அங்கேயே கிடந்தால் கால் வீங்கும், வலிக்கும். அதிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து கிளம்பினால் நேராக இதயத்தின் வலது பக்கம், அங்கிருந்து நுரையீரல். அங்கே போய் அடைத்தால் அதுதான் பல்மனரி எம்பாலிசம். சிம்ப்சன் பார்த்தது அது.

காலில் உருவான கட்டிதான் நுரையீரலுக்குப் போகிறது என்பதே ஒரு காலத்தில் யாருக்கும் தெரியாது. நுரையீரலில் கட்டி இருந்தால் அங்கேயே உண்டானது என்று நினைத்தார்கள். இதை மாற்றியவர் பெர்லினில் வேலை பார்த்த ருடால்ஃப் விர்கோ. 1846-இல் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது அவருக்கு வயசு 25. நாய்களின் கழுத்துச் சிரை வழியாக ரப்பர் துண்டு மாதிரியான பொருள்களை உள்ளே விட்டு, அவை நுரையீரலில் போய் நிற்பதைக் காட்டினார். எம்பாலிசம், த்ராம்போசிஸ் என்று இன்னைக்கு டாக்டர்கள் பேசும் சொற்களை மருத்துவத்தில் நிலைநிறுத்தியவரும் அவர்தான். ரத்தம் தேங்குவது, குழாயின் சுவரில் அடிபடுவது, ரத்தமே சுலபமாக உறையும் தன்மையில் இருப்பது, இந்த மூன்றையும் இன்றும் மாணவர்கள் அவர் பெயரில்தான் படிக்கிறார்கள். உட்கார்ந்தே இருப்பது முதல் ரகம். அறுவை சிகிச்சை, காயம் எல்லாம் இரண்டாவது. கருத்தடை மாத்திரை, கர்ப்பம், புற்றுநோய், பரம்பரைக் காரணங்கள் மூன்றாவது. ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ரெண்டு மூணு கூட்டு சேரும்போதுதான் வினை.

சரி, இப்போ விமானம்.

1954 ஜனவரி. பாஸ்டனில் ஜான் ஹோமன்ஸ் என்கிற வயதான அறுவை சிகிச்சை நிபுணர், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கட்டுரை எழுதுகிறார். நீண்ட நேரம் உட்கார்ந்திருந்ததால் காலில் ரத்தம் உறைந்த ஐந்து பேரின் கதை. அதில் ஒருவர் 54 வயது மருத்துவர், பாஸ்டனிலிருந்து வெனிசுலாவுக்குப் 14 மணி நேரம் பறந்தவர். மொத்தம் இரண்டு பேர் விமானத்தில் போனவர்கள், இரண்டு பேர் காரில் போனவர்கள். ஐந்தாவது ஆள்? நாடகம் பார்க்கப் போனவர். தியேட்டர் சீட்டில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

விமானப் பயணத்தையும் ரத்த உறைவையும் சேர்த்துப் பேசிய ஆரம்பக் கட்டுரை என்று எல்லோரும் இதைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். ஆனா ஹோமன்ஸ் விமானத்தைக் குற்றம் சொல்லவே இல்லை, கவனிச்சீங்களா? காரையும் தியேட்டரையும் அதே வரிசையில் வைத்தார். கட்டுரையின் தலைப்பிலேயே விமானம் கிடையாது, உட்காருவதுதான் இருக்கிறது. பயணத்தில் எழுந்து நடங்கள், காலை அசையுங்கள் என்று அவர் அப்போதே சொல்லிவிட்டார். அந்த வருஷமே இறந்தும் போனார். 1940-இல் ஒருவர், 1954-இல் ஒருவர். ரெண்டு பேரும் சரியாத்தான் சொன்னாங்க.

அப்புறம் விமானம் மாறியது. 1952-இல் அட்லாண்டிக் கடலைத் தாண்டும் விமானங்களில் டூரிஸ்ட் கிளாஸ் வந்தது. 1958-இல் எகானமி கிளாஸ். 1970-இல் போயிங் 747, ஜம்போ ஜெட். பணக்காரர்கள் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு போன இடத்தில் நடுத்தர வர்க்கம் ஏறி உட்கார்ந்தது. உட்கார்ந்ததுன்னா, முட்டி முன் சீட்டில் இடிக்க உட்கார்ந்தது. எனக்கு இதில் ஒரு புகாரும் கிடையாது, டிக்கெட் விலை இறங்காமல் இருந்திருந்தால் நம்மில் பாதிப் பேர் கடல் தாண்டியிருக்கவே மாட்டோம். ஆனால் இந்த நெருக்கடியான சீட்டுதான் அடுத்து வந்த பெயருக்குக் காரணம்.

1977-இல் சைமிங்டன், ஸ்டாக் என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் பயணத்துக்குப் பின் வரும் நுரையீரல் அடைப்பைப் பற்றி எழுதும்போது ‘எகானமி கிளாஸ் சிண்ட்ரோம்’ என்று ஒரு சொல்லைப் போட்டார்கள். 1988-இல் லான்செட்டில் வந்த இன்னொரு கட்டுரை அதைத் தலைப்பிலேயே வைத்தது. பத்திரிகைக்காரர்களுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்குமா? ஏழை சீட்டு, பெரிய கம்பெனி, திடீர் மரணம், எல்லாம் மூணு வார்த்தையில்.

ஆனால் அந்தப் பெயர் பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்னாடியே அதற்கு எதிர்சாட்சி ஒருவர் இருந்தார். சாதாரண ஆள் இல்லை, அமெரிக்க ஜனாதிபதி. 1974 ஜூன், ரிச்சர்ட் நிக்சன். வாட்டர்கேட் ஊழலில் நாற்காலி ஆடிக்கொண்டிருந்த நேரம். எகிப்து, சவூதி, சிரியா, இஸ்ரேல், ஜோர்டான் என்று ஒரு சுற்றுப்பயணம் போனார். இடது கால் வீங்கியிருந்தது, சிரையில் அழற்சி. பத்து வருஷத்துக்கு முன்பும் அவருக்கு இது வந்திருந்தது. கூடப் போன டாக்டர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் ஊர்வலங்களில் மணிக்கணக்காக நின்றார், கை அசைத்தார். ஆகஸ்டில் பதவி போனது. செப்டம்பரில் மருத்துவமனையில் சேர்த்தபோது ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தது. அக்டோபர் கடைசியில் அறுவை சிகிச்சை, அதைத் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தான நிலை. பிழைத்தார். இந்த மனிதர் போன விமானம் ஏர் ஃபோர்ஸ் ஒன். உலகத்திலேயே காலை நீட்ட அதிக இடம் இருந்த சீட் அவருடையதாகத்தான் இருந்திருக்கும்.

பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒரு நோய்க்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பது சின்ன விஷயமில்லை. எகானமி கிளாஸ் சிண்ட்ரோம் என்று சொன்னால் பிசினஸ் கிளாஸில் போகிறவர் தனக்கு வராது என்று நினைப்பார். ராத்திரி பஸ்ஸில் போகிறவருக்கு இது தன் சங்கதி என்றே தோணாது. எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னாடி இருக்கிறவர் இதைப் பற்றி யோசிக்கக்கூட மாட்டார்.

2000 அக்டோபரில் இந்தப் பெயர் உலகம் முழுக்கப் பரவியது. சிட்னி ஒலிம்பிக்ஸ் பார்த்துவிட்டு வேல்ஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த 28 வயதுப் பெண். சுமார் 20 மணி நேரப் பயணம். ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கிய சில நிமிடங்களில் மயங்கி விழுந்தார், இறந்துவிட்டார். இளம் பெண், ஆரோக்கியமானவர். பிரிட்டிஷ் பத்திரிகைகள் வாரக்கணக்கில் இதையே எழுதின. அதே நேரத்தில் பிரிட்டன் பிரபுக்கள் சபையின் அறிவியல் குழு, விமானப் பயணமும் உடல்நலமும் பற்றி ஏற்கெனவே விசாரித்துக்கொண்டிருந்தது. நவம்பரில் அறிக்கை வந்தது. அந்தப் பெயரே ஆட்களைத் திசைதிருப்புகிறது என்பது அந்த அறிக்கையின் கருத்துகளில் ஒன்று. யார் கேட்டார்கள்? இன்னிக்கும் அந்தப் பழைய பெயர் புழக்கத்தில் இருக்கு.

அந்த மரணத்துக்குப் பிறகு ஒரு நல்லது நடந்தது: ஆட்கள் எண்ண ஆரம்பித்தார்கள். பாரிஸில் சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் 1993 கடைசியிலிருந்து 2000 கடைசிவரை வந்திறங்கிய 13 கோடியே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகளில், இறங்கின கையோடு நுரையீரல் அடைப்பு உறுதியானவர்கள் 56 பேர். 5,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்தவர்களில் பத்து லட்சத்துக்கு 1.5 பேர். 10,000 கிலோமீட்டரைத் தாண்டினால் 4.8 பேர். அதைவிடக் குறைந்த தூரப் பயணிகளில் கிட்டத்தட்ட யாருமே இல்லை. தூரம் கூடக் கூட ஆபத்து கூடுகிறது என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனா பத்து லட்சத்துக்கு ஒண்ணு ரெண்டுதானேன்னு நிம்மதி அடைஞ்சுடாதீங்க. இது விமான நிலையத்திலேயே விழுந்தவர்களின் கணக்கு. பெரும்பாலான கட்டிகள் அவ்வளவு அவசரப்படுவதில்லை, வீட்டுக்குப் போய் நாலு நாள், ரெண்டு வாரம் கழித்து வேலையைக் காட்டும்.

அந்தக் கணக்கை எடுத்தது உலக சுகாதார நிறுவனம். 2001-இல் ஜெனிவாவில் கூடிப் பேசி, ஒரு பெரிய ஆய்வுத் திட்டத்தை ஆரம்பித்து, 2007-இல் முதல் கட்ட முடிவை வெளியிட்டார்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பயணம் செய்தால் ரத்த உறைவு ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. ஆரோக்கியமான ஒருவருக்கு அது 6,000-இல் ஒன்று. பயணம் முடிந்தும் சுமார் நாலு வாரம்வரை அந்தக் கூடுதல் ஆபத்து முழுசாகப் போவதில்லை, அடுத்தடுத்துப் பறந்தால் இன்னும் கூடும். இது விமானத்துக்கு மட்டுமா? இல்லை. கார், பஸ், ரயில், எல்லாவற்றுக்கும்தான்.

ஹோமன்ஸ் ஐந்து பேரை வைத்துச் சொன்னதை, 53 வருஷம் கழித்து ஆயிரக்கணக்கானவர்களை வைத்துச் சொன்னார்கள். சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்குப் பன்னிரண்டு மணி நேரம் செமி ஸ்லீப்பரில் போகிறோமே, அதுவும் இந்தக் கணக்கில்தான்.

இதே காலத்தில் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு தகவல் இருக்கிறது. 190 சென்டிமீட்டருக்கு மேல் உயரமானவர்களுக்கு ஆபத்து அதிகம். இது எதிர்பார்த்ததுதான், கால் மடங்கிக் கிடக்கும். ஆனால் 160 சென்டிமீட்டருக்குக் குறைவானவர்களுக்கும் ஆபத்து கூடியது, அதுவும் விமானத்தில் மட்டும். ஏன்? கார் சீட்டை முன்னே பின்னே நகர்த்தலாம், விமான சீட் எல்லோருக்கும் ஒரே உயரம். குட்டையானவர்களின் பாதம் தரையில் சரியாகப் படாது. சீட்டின் விளிம்பு தொடைக்குக் கீழே அழுத்தும். ஞாபகம் வருதா? 1940-இன் நாற்காலிக் கட்டை.

நம்ம ஊர் அம்மாக்களில் பெரும்பாலானவர்கள் 160-க்குக் கீழேதான். மகளுக்குப் பிரசவம்னு அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் கிளம்புகிற அம்மாக்களை நினைச்சுப் பாருங்க. அறுபதைத் தாண்டிய வயசு, முட்டி வலி, ஊறுகாய்ப் பொட்டலத்தோட ஜன்னல் சீட். பக்கத்தில் இரண்டு பேர் தூங்குகிறார்கள், எழுப்பக் கூச்சம். பாத்ரூம் போக வேண்டி வருமே என்று தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். பதினைந்து மணி நேரம் ஒரே இடத்தில். என் சொந்தத்தில் இப்படிப் பயணம் போகிற பெரியவர்களுக்கு டிக்கெட் போடும்போது நான் விடாப்பிடியாக ஐல் சீட்டுதான் போடுவேன். வழிநடைப் பக்கம் இருந்தால் யாரையும் கேட்காமல் எழுந்திருக்கலாமே. ஜன்னல் வழியா மேகம் பார்க்கணும்னு ஒரு பெரியம்மா கோவிச்சுக்கிட்டதும் உண்டு.

அப்படீன்னா விமானத்துக்குன்னு தனிக் குற்றம் எதுவுமே இல்லையா? இங்கேதான் விஷயம் கொஞ்சம் வழுக்குது. 2006-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 71 பேர். முதலில் எட்டு மணி நேரம் விமானத்தில். இன்னொரு நாள் எட்டு மணி நேரம் சினிமா, படம் மேல படமா. மூன்றாவதாக எட்டு மணி நேரம் வழக்கமான வேலைகள். ஒவ்வொரு முறையும் ரத்தத்தை எடுத்து, உறையும் வேலை எவ்வளவு நடக்கிறது என்று காட்டும் ஒரு பொருளை அளந்தார்கள். விமானத்துக்குப் பிறகு அது சுமார் 30 சதவீதம் ஏறியிருந்தது. சினிமாவுக்குப் பிறகு ஏறவில்லை. குறிப்பாகக் கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்கிற, கூடவே பரம்பரையாக ரத்தம் சுலபத்தில் உறையும் பெண்கள் சிலரிடம் ஏற்றம் அதிகம். ஆக, உட்காருவதைத் தாண்டி விமானத்தில் இன்னும் ஏதோ இருக்கலாம், உயரத்தில் காற்றழுத்தமும் ஆக்சிஜனும் குறைவது காரணமாக இருக்கலாம் என்றார்கள். அதே வருஷம் பிரிட்டனில் இன்னொரு குழு 73 பேரைத் தரையிலேயே ஒரு அறையில் உட்கார வைத்து, விமானத்துக்குள் இருப்பது போலக் காற்றழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தது. ஒரு வித்தியாசமும் இல்லை. என் கணக்கில் நாற்காலிதான் இன்னும் முதல் குற்றவாளி, மேலே இருக்கிற காற்று வேண்டுமானால் சந்தேகத்துக்குரிய கூட்டாளி.

கோர்ட்டுக்கும் போனார்கள். பாதிக்கப்பட்டவர்களும் இறந்தவர்களின் குடும்பங்களும் விமான நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்குகளில் சர்வதேசப் பயணத்துக்குப் பொருந்திய சட்டம் 1929-இன் வார்சா ஒப்பந்தம். அதன்படி பயணிக்கு உடல் கேடு வந்தால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும், ஆனால் அந்தக் கேடு ஒரு ‘விபத்தால்’ வந்திருக்க வேண்டும். விபத்துன்னா என்ன? 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் ஒரு விளக்கம் கொடுத்திருந்தது. இயல்பாகத் தரையிறங்கிய விமானத்தில் ஒரு பெண்ணுக்குக் காது கேட்காமல் போன வழக்கு அது. பயணிக்கு வெளியே, எதிர்பாராத, வழக்கத்துக்கு மாறான ஏதாவது நடந்தால்தான் விபத்து என்றார்கள். 2005-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும், அந்த டிசம்பரில் பிரிட்டனின் பிரபுக்கள் சபையும் இதே வழியில் போயின. விமானம் வழக்கம்போலப் பறந்தது. பயணி வழக்கம்போல உட்கார்ந்திருந்தார். எச்சரிக்கை கொடுக்காததும் விபத்து ஆகாது. வழக்கு அவ்வளவுதான்.

சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் தீர்ப்பு சரிதான்னு நினைக்கிறேன். எந்த விபத்தும் நடக்காததுதான் இந்த நோயின் இயல்பே. ஆனால் வழக்குகள் வீணாகவில்லை. அந்தச் சத்தத்தில்தான் சீட் பாக்கெட் அட்டைகளிலும் விமானப் பத்திரிகைகளிலும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டும் படங்கள் பரவலாயின. நீங்க புரட்டிட்டு ஓரமா வெச்சிருப்பீங்களே, அதுதான்.

அந்தப் படத்தை எவ்வளவு நம்பலாம்? 2012-இல் அமெரிக்காவின் நெஞ்சக மருத்துவர் அமைப்பு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. எகானமி கிளாஸ் சீட், தண்ணீர் குறைவாகக் குடிப்பது, மது, இவற்றால் ஆபத்து கூடுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றார்கள். ஜன்னல் சீட்டுக்கு ஆதாரம் இருக்கிறது, ஏனென்றால் ஜன்னலோரம் இருப்பவர் எழுவதில்லை. தண்ணீர் குடிக்காதீங்கன்னு அர்த்தம் இல்லை, குடிங்க. குடிச்சா பாத்ரூமுக்காவது நடப்பீங்க, அந்த நடையே போதும்.

ஏற்கெனவே ரத்தம் உறைந்தவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரையோ ஹார்மோன் மருந்தோ எடுப்பவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், உடல் எடை மிக அதிகமானவர்கள், இவர்கள் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டும். அடிக்கடி எழுந்து நடப்பது, கெண்டைக்கால் பயிற்சி, ஐல் சீட், முட்டிக்குக் கீழே போடும் கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ், இவைதான் அந்த வழிகாட்டுதல் இவர்களுக்குச் சொன்னவை. ஸ்டாக்கிங்ஸுக்கு உண்மையிலேயே நல்ல ஆதாரம் இருக்கிறது. பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வில், அறிகுறியே இல்லாமல் காலில் ரத்தம் உறைந்திருந்தவர்கள் 50 பேர். அதில் 47 பேர் ஸ்டாக்கிங்ஸ் போடாதவர்கள், மூன்று பேர்தான் போட்டவர்கள். இவை ஸ்கேனில் மட்டும் தெரிந்த கட்டிகள், உயிரைக் காப்பாற்றியது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அளவு சரியாக இருக்கணும், டாக்டரிடமோ மருந்துக் கடையிலோ காலை அளந்து வாங்குங்க. எல்லோருக்கும் இது தேவையும் இல்லை. அப்புறம், வாட்ஸ்அப்பில் சுத்துதே, ஏறுறதுக்கு முன்னாடி ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கோன்னு. இதைத் தடுப்பதற்காக மட்டும் ஆஸ்பிரின் வேண்டாம் என்பதுதான் அந்த வழிகாட்டுதலின் நிலை. டாக்டர் வேறு காரணத்துக்காக எழுதிக் கொடுத்திருந்தால் அது தனிக் கதை.

நான் இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கட்டுரையில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். 2003, நியூசிலாந்து. ரிச்சர்ட் பீஸ்லி என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் எழுதியது. 32 வயது இளைஞர், நுரையீரல் அடைப்போடு மருத்துவமனைக்கு வருகிறார். எந்த விமானத்திலும் ஏறவில்லை. அவர் செய்ததெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்ததுதான், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், சில நாள் பதினெட்டு. அவர்கள் அதற்கு ஒரு புதுப் பெயர் வைத்தார்கள்: இ-த்ராம்போசிஸ். மறுபடியும் ஒரு பெயர். நாற்காலி அதேதான், எதிரே இருக்கிற திரைதான் மாறியிருக்கு. ஓல்டு மகாபலிபுரம் ரோட்டில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவங்களும், லாப்டாப்பை மடியில் வெச்சு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவங்களும் இதை விமானக்காரங்க கதைன்னு கேட்டுட்டுப் போயிடாதீங்க. பயப்படச் சொல்லலை. கால் இருக்குன்னு மணிக்கு ஒரு தடவை ஞாபகம் வெச்சுக்கோங்க, போதும்.

கடைசியா, அறிகுறிகள். ரெண்டு காலும் கொஞ்சம் வீங்குவது நீண்ட பயணத்தில் சகஜம், இறங்கி நடந்தால் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்குவது, கெண்டைக்காலில் விடாத வலி, அந்த இடம் சூடாகவோ சிவந்தோ இருப்பது, இதைத் தைலம் தேய்ச்சு விட்டுடாதீங்க, அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. திடீரென்று மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினால், இருமலில் ரத்தம் வந்தால், தலைசுற்றி விழுந்தால், நேராக எமர்ஜென்சிதான், காத்திருக்கக் கூடாது. பயணம் முடிந்து சில வாரம் ஆகியிருந்தாலும் இது பொருந்தும். அங்கே டாக்டர் அவசரத்தில் ஃப்ளைட்ல வந்தீங்களான்னு மட்டும் கேட்கலாம், அதையும் கேட்காமல் விடலாம். போன வாரம் பன்னிரண்டு மணி நேரம் பஸ்ல உட்கார்ந்து வந்தேன், முந்தின வாரம் மூணு நாள் எழுந்திருக்காம வேலை பார்த்தேன், இந்த மாத்திரை எடுக்கிறேன்னு நீங்களே முந்திக்கிட்டுச் சொல்லிடுங்க.